சுண்ணாம்பு சொன்ன சாட்சி

ராஜா காலத்தில் ஏது ஜீப், ஏது கேமரா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கருங்கானூர் ராஜ்யத்தில் இரண்டும் இருந்தன. அதனால்தான் இந்த வம்பே வந்தது.

ராஜா செம்பியதரையருக்குக் காட்டு மிருகங்களைப் படம் பிடிப்பதில் அப்படி ஒரு பைத்தியம். அவர் ஆல்பம் தலையணை கனம் இருக்கும். திறந்தால் யானையின் வால், மானின் வால், கரடியின் பின்பக்கம், ஒரு பறவை சற்று முன்வரை உட்கார்ந்திருந்த கிளை. முகம் உள்ள படம் ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய புது வண்டி போட்ட சத்தத்தில் காடே முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. போதாக்குறைக்கு, முள்செடியைக் கண்டாலே டிரைவர், "ஐயோ, பெயிண்ட்ல கீறல் விழுந்துடும் மகாராஜா!" என்று வண்டியை நிறுத்திவிடுவான்.

"புதுசே வேண்டாம்!" என்றார் ராஜா ஒரு நாள். "கீறல் விழுந்த, காட்டு வழி பழகின பழைய ஜீப்பாப் பாரு. அம்பலவாணா, பொறுக்கி எடுக்கிறது உன் பொறுப்பு."

சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது அம்பலவாணனின் வேலை. தளவாய் கோதண்டத்துக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தளவாயின் மைத்துனனிடம் ஒரு பழைய ஜீப் விலைபோகாமல் கிடந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"பானட்டைத் திறந்து பார்த்து, ஓட்டிப் பார்த்து வாங்க யாருக்கும் தெரியும் மகாராஜா," என்றார் தளவாய். "அதுக்கு எதுக்குச் சாதுர்யம்? அம்பலவாணன் வண்டியைத் தொடக் கூடாது. விக்கிறவங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள நல்ல வண்டி எதுன்னு சொல்லணும்."

"தப்பாச் சொன்னா?" என்று கேட்டார் ராஜா.

"அந்த வண்டியைத் தள்ளிக்கிட்டே எல்லையைத் தாண்டிப் போயிடணும். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு வெல்லம். "பலே!" என்று தொடையைத் தட்டிவிட்டார். எல்லை பன்னிரண்டு மைல், அதுவும் ஏற்றம்.

"சரி மகாராஜா, தோத்தா நான் தள்றேன். ஜெயிச்சா, இருக்கிறதுலயே மோசமான வண்டியைத் தளவாய் தள்ளட்டும்!"

"தாராளமா!" என்றார் தளவாய். மீசை துடித்தது.

மறுநாள் காலையில் மூன்று ஜீப்புகள் அரண்மனை முற்றத்துக்கு வந்தன. வாசலில் படுத்திருந்தது சுண்ணாம்பு. அது அரண்மனை நாய். பால்வெள்ளை, பரம சோம்பேறி. மைத்துனனின் ஜீப் புதுச் சிவப்புப் பெயிண்டில் மின்னிக்கொண்டு நுழைந்தபோது தொண்டை கிழியக் குரைத்தது. அடுத்து வந்த நீல ஜீப்பைத் துரத்தியே போனது. மூன்றாவது, மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கும் மாரக்காளின் ஜீப். மண் நிறம், உடம்பெல்லாம் நெளிசல். அதற்குச் சுண்ணாம்பு ஒரு காதை மட்டும் தூக்கியது. பிறகு அதையும் மடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

அம்பலவாணன் வேப்பமரத்தடியில் ஒரு பொட்டலம் பொறை ரொட்டியோடு உட்கார்ந்தான்.

"வண்டியைப் பார்க்கலையா?" என்று கிண்டலாகக் கேட்டார் தளவாய்.

"பார்க்கிறதுக்கு வேற ஆள் வச்சிருக்கேன்."

உச்சி வெயில் ஏறியது. வெயிலில் நாய்க்கு நிழல் என்றால் நின்றிருக்கும் வண்டியின் அடிதானே! அம்பலவாணன் மாரக்காள் ஜீப்புக்கு அடியில் ஒரு பொறையை வீசினான். சுண்ணாம்பு நுழைந்தது, தின்றது, ஒரு தூக்கம் போட்டது. போனபடியே வெள்ளையாக வெளியே வந்தது. அடுத்த பொறை நீல ஜீப்புக்கு அடியில். வரும்போது முதுகெல்லாம் துருப்பொடி. மூன்றாவது பொறை மைத்துனன் ஜீப்புக்கு அடியில். உள்ளே போனது வெள்ளை நாய். வெளியே வந்தது கறுப்பு நாய்!

சாயங்காலம் சபை கூடியது. அம்பலவாணன் நாயோடு வந்து நின்றான்.

"நல்ல வண்டி தேன்கார அம்மாவோடதுதான் மகாராஜா."

"குத்துமதிப்பா அடிச்சு விடறான்!" என்று துள்ளினார் தளவாய்.

"சாட்சி இருக்கு. நீல வண்டிக்கு அடித்தகடு உதிருது. சிவப்பு வண்டி எண்ணெயை ஒழுக்குது. இதோ, அத்தனையும் இவன் முதுகுல. மூணாவது வண்டி ஒழுகவும் இல்லை, உதிரவும் இல்லை. அது உள்ளே வந்தப்போ இவன் தூக்கம்கூடக் கலையலை. நாய்க்கே கேக்காத வண்டி மானுக்கா கேக்கும்?"

சபையே தன்னைப் பார்த்த குஷியில் சுண்ணாம்பு உடம்பை ஒரு உதறு உதறியது. தளவாயின் பட்டு அங்கவஸ்திரம் பூராவும் கரும்புள்ளி.

"இவனே நாய் மேல எண்ணெயை ஊத்தியிருப்பான்!" என்று கத்தினார் தளவாய்.

"அப்போ உங்க மைத்துனர் ஓட்டிக் காட்டட்டுமே," என்றான் அம்பலவாணன்.

சிவப்பு ஜீப் இருமியது, செருமியது, கர்ஜித்தது. பத்தடி போய்ப் படுத்துவிட்டது. அடியில் கறுப்பாக ஒரு குட்டிக் குளம்.

"தள்ளும் தளவாயே!" என்றார் ராஜா.

எல்லைக்குப் போகும் காட்டு வழியில் தளவாய் தள்ளினார். இந்தக் காட்சியை விட ராஜாவுக்கு மனம் வருமா? கேமராவைத் தூக்கிக்கொண்டு மாரக்காளின் ஜீப்பில் தாவி ஏறினார். பக்கத்தில் அம்பலவாணன், மடியில் சுண்ணாம்பு. ஓட்டியது மாரக்காள்.

ராஜா ஒரு படம் எடுத்தார். முகம் வாடிவிட்டது. "அட, இதுவும் முதுகுதானா!"

"கொஞ்சம் பொறுங்க சாமி," என்றாள் மாரக்காள். முள்செடிக்குள் வண்டியை இறக்கி, கீறலைப் பற்றிக் கவலைப்படாமல் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். பூனை நடக்கிற மாதிரி வந்தது வண்டி. வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டிருந்த தளவாய்க்கு எதுவுமே கேட்கவில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்தார். க்ளிக்!

"அம்பலவாணா! என் ஆல்பத்துல முதல் முகம்டா!" ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே இந்த வண்டியில முன்சீட்டு உனக்குத்தான். சுண்ணாம்புக்குத் தினம் ஒரு பொட்டலம் பொறை! ஆனா இது எப்படிடா நடந்தது?"

அம்பலவாணன் பணிவாகக் கைகட்டிக்கொண்டு சொன்னான்:

"வண்டி மட்டும் சத்தம் போடலைன்னா, எப்பேர்ப்பட்ட மிருகமும் மூஞ்சியைக் காட்டிடும் மகாராஜா!"

ராஜா சிரித்த சிரிப்பில் காட்டிலிருந்த பறவை அத்தனையும் பறந்துபோயின. அன்றைக்கு அதற்குமேல் ஒரு படமும் எடுக்க முடியவில்லை.