பந்தியின் நடுவே ஒரு திரை

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள். சாப்பிடாதவர்கள் முன்னால் வாருங்கள். இது வயிற்றைப் பற்றிய கதை. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், குடிப்பதானால் இப்போதே குடித்துவிடுங்கள்.

ஆறுகளுக்கு இன்னும் கரை கட்டாத காலம். அப்போது மருதக்கோன் என்று ஒரு ராஜா இருந்தான். கதைகளில் வருகிற ராஜாக்களில் பாதிப் பேர் முட்டாள், மீதிப் பேர் முன்கோபி. இவன் இரண்டும் இல்லை, நல்லவன். அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் ஊருக்கு வந்தவர் யாரும் அரைவயிற்றோடு போகக் கூடாது.

அதனால் தினமும் உச்சிவேளையில் அரண்மனையில் பந்தி நடக்கும். அதிகாரி, வழிப்போக்கன், வியாபாரி என்று நூறு பேர் உட்காருவார்கள். ராஜாவும் அவர்களுக்கு எதிரில் தரையில்தான் உட்காருவான். அவனுக்கும் அதே வாழையிலை, அதே சோறு. பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? பெரியவர் எழுந்தால்தான் மற்றவர் எழலாம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாம் கையை நிறுத்தினால் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாகிவிடும்.

இப்படிப் பத்து வருஷம் நன்றாகப் போயிற்று. பதினோராம் வருஷம் ராஜாவுக்கு வயிறு படுத்த ஆரம்பித்தது. காலையில் புளித்த ஏப்பம். மத்தியானம் உப்புசம். சாயங்காலம் ஆனால் வலி. அரண்மனை வைத்தியர் திருமேனி நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சூரணம் கொடுத்தார், லேகியம் கொடுத்தார். நாலு நாள் தேவலை, ஐந்தாம் நாள் பழையபடி.

பாவம், அவரும் எத்தனை நாள் தலையைச் சொறிவார்? கடைசியில் சொல்லிவிட்டார். "மகாராஜா, என் மருந்தில் குறை இல்லை. அடுப்பங்கரையில்தான் ஏதோ கோளாறு."

அடுப்பங்கரையில் இருந்தவன் சடையன். அவன் கைப்பக்குவத்தைக் கேட்க வேண்டுமா? பருப்பென்றால் பெருங்காயம் இல்லாமல் இறக்க மாட்டான். கிழங்கென்றால் ஓமம் தாளிப்பான். வாரம் ஒரு நாள் பிரண்டையை நார் உரித்து, நெய்யில் வதக்கித் துவையல் அரைப்பான். வயிற்றுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவனுக்குத் தெரிந்த அளவு அந்த வைத்தியருக்கே தெரியாது என்பேன். அவனைப் போய்ச் சொல்லிவிட்டார்.

ராஜா சடையனைக் கூப்பிட்டான். வலியில் இருக்கிறவன் வாயில் நியாயம் வருமா?

"சடையா, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் வயிறு உன்னைத்தான் காட்டுகிறது. மூன்று நாள் தருகிறேன், சரிபண்ணு. முடியாவிட்டால் நான்காம் நாள் ஆற்றைத் தாண்டிப் போய்விடு. வேறு சமையற்காரனை வைத்துப் பார்க்கிறேன்."

சடையனுக்கு வேலை போவது பெரிதில்லை. சமையல் வேலை எங்கே போனாலும் கிடைக்கும். ஆனால் அவன் மனைவி உமையாள் நிறைமாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தங்கிய முதல் கரு. ஆற்றில் புதுவெள்ளம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது, பரிசல்காரர்களே இறங்கப் பயப்பட்டார்கள். அந்த ஆற்றில் அவளை எப்படிக் கூட்டிப்போவது?

முதல் நாள் வந்தது. சடையன் இஞ்சியைத் தோல் சீவி இடித்துச் சாறு பிழிந்தான். வண்டல் அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிவை மட்டும் எடுத்துத் தேன் கலந்து, பந்திக்கு முன்னால் எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னான். ராஜாவுக்கு நன்றாகப் பசித்தது. பந்தி முடிய வழக்கத்தைவிட அரை நாழிகை கூட ஆயிற்று. சாயங்காலம் வலி.

இரண்டாம் நாள் வந்தது. சுக்கைத் தோல் நீக்கி, மிளகும் திப்பிலியும் இளவறுப்பாக வறுத்து, மூன்றையும் பொடித்துத் துணியில் சலித்தான். தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னான். ராஜாவின் மந்தமெல்லாம் போயிற்று. பந்தி முடிய ஒரு நாழிகை கூட ஆயிற்று. சாயங்காலம் இன்னும் அதிக வலி.

சடையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்து வேலை செய்கிறது, வயிறு மட்டும் கெடுகிறது. இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

வீட்டில் உமையாள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று கிண்ணங்கள், மூன்றும் காலி.

"என்ன ஆச்சு?" என்று பதறினான்.

"ஒண்ணும் ஆகலை. மேலவீட்டு அக்கா புளியோதரை கொண்டாந்தாங்க. அடுத்த வீட்டு மதினி அதிரசம் கொண்டாந்தாங்க. வண்ணாத்தி அக்கா கொழுக்கட்டை கொண்டாந்தாங்க. ரெண்டு உசுருக்குச் சாப்பிடணுமாம்."

"மூணையும் சாப்பிட்டியா? பசிச்சுதா?"

"பசி எங்கே இருக்கு? எதிர்க்க உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. வேண்டாம்னா மனசு கஷ்டப்படும். அவங்க கண்ணுக்காகத்தான் சாப்பிட்டேன்."

சடையன் அவளுக்குச் சீரகத்தைக் கொதிக்கவைத்து வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுத்தான். கொடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக அந்த அரண்மனைக்குச் சமைக்கிறான். ஒரு நாளாவது பந்தியை எட்டிப் பார்த்திருக்கிறானா? அடுப்பைப் பார்த்தான், பானையைப் பார்த்தான், அஞ்சறைப் பெட்டியைப் பார்த்தான். சாப்பிடுகிறவர்களைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில், பரிமாறுகிற காத்தானைப் பிடித்தான்.

"காத்தா, ராஜா சாப்பிடும்போது எதைப் பார்த்துச் சாப்பிடுவார்?"

"இலையைப் பார்த்து நான் கண்டதில்லை அண்ணே. விருந்தாளிகளைத்தான் பார்த்துக்கிட்டே இருப்பார்."

"விருந்தாளிங்க?"

"அவங்க ராஜாவைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. யார் கையும் நிக்காது. எனக்குத்தான் நடந்து நடந்து முட்டி போச்சு."

சடையன் காத்தானை அப்படியே கட்டிக்கொண்டான். காத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று மூன்றாவது மருந்தாகக் கடுக்காய் கொடுப்பதாக இருந்தது. கொட்டை நீக்கி இடித்துத் தயாராகத்தான் வைத்திருந்தான். அதை ஜாடியிலேயே மூடி வைத்துவிட்டு ராஜாவிடம் போனான்.

"மகாராஜா, இன்றைக்குக் கொடுக்கப்போவது பெரிய மருந்து. ஆனால் அதைச் சாப்பிடும்போது அடுத்தவர் கண் படக் கூடாது, பட்டால் பலிக்காது. பந்தியின் நடுவே ஒரு திரை கட்ட உத்தரவு வேண்டும்."

திருஷ்டி என்றால் யார்தான் மறுப்பார்கள்? ராஜா சரி என்றான். வைத்தியர் திருமேனி மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அவர் வீட்டு வாசலிலும் பூசணிக்காய் தொங்கியது, அது வேறு விஷயம்.

உச்சிவேளை வந்தது. கூடத்தின் குறுக்கே வெள்ளைத் திரை தொங்கியது. இந்தப் பக்கம் ராஜா, அந்தப் பக்கம் நூறு பேர். ஒரு சிறு கிண்ணத்தில் ராஜாவுக்கு மருந்து வந்தது. பிறகு சோறு வந்தது, பருப்பு வந்தது, குழம்பு வந்தது. சடையன் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரித் திரையின் ஓரத்தில் நின்றான்.

ராஜா சாப்பிட்டான். இனி ஒரு கவளம்கூடத் தேவையில்லை என்று தோன்றிய இடத்தில் கை தானாக நின்றது. நிமிர்ந்து பார்த்தான். எதிரில் யாரும் இல்லை, துணிதான் இருந்தது. மோரைக் குடித்தான். இலையைத் தன் பக்கமாக மடித்தான். எழலாமா என்று பார்த்தான். ஐயோ, அந்தப் பக்கம் பாதிச் சாப்பாட்டில் இருப்பார்களே, நாம் எழுந்தால் அவர்களும் எழ வேண்டுமே. எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பக்கமும் அதே கதைதான். ராஜா பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஒருவர் இலையை மடித்தார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் மடித்தார்கள். பிறகு நூறு பேரும் மடித்தார்கள். ஆனால் ராஜா எழவில்லையே, எப்படி எழுவது? கை காய உட்கார்ந்திருந்தார்கள்.

காத்தான் குழம்பு வாளியோடு இங்கும் அங்கும் பார்த்தபடி நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

சடையன் ஒரு நாழிகை பொறுத்தான். பிறகு, 'போனால் ஆறு, வந்தால் வீடு' என்று நினைத்துக்கொண்டு, திரையின் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

துணி பொத்தென்று விழுந்தது. ராஜா அவர்களைப் பார்த்தான், அவர்கள் ராஜாவைப் பார்த்தார்கள். எல்லார் இலையும் மடிந்திருந்தது.

"நீங்கள் எப்போது முடித்தீர்கள்?" என்று ராஜா கேட்டான்.

முன்வரிசையில் இருந்த கிழட்டுச் சேனாதிபதிதான் கடைசியில் தொண்டையைச் செருமினார். "முடித்து ரொம்ப நேரம் ஆயிற்று மகாராஜா. இன்றைக்குத்தான் பசிக்குச் சாப்பிட்டோம். மற்ற நாளெல்லாம் தாங்கள் சாப்பிடுகிறீர்களே என்று சாப்பிட்டோம். நான் போர்க்களத்தில் பயந்தவன் இல்லை. உங்கள் பந்திக்கு வருவதென்றால் காலையிலிருந்தே பயம்."

"நீங்கள் சாப்பிடுகிறீர்களே என்றுதானே நான் சாப்பிட்டேன்?" என்றான் ராஜா. "நான் கை கழுவினால் நீங்கள் பட்டினியாக எழுந்துவிடுவீர்கள் என்று பயந்து, பதினோரு வருஷமாகத் தொண்டைவரை அடைத்துக்கொண்டிருந்தேனே."

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. நூறு பேரும் சிரித்தார்கள். வைத்தியர்கூடச் சிரித்துவிட்டு, எழுந்து வந்து சடையன் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் அடுப்பைச் சொன்னது என் தப்பு" என்றார். தப்பை ஒத்துக்கொள்கிற வைத்தியர் எத்தனை பேர், சொல்லுங்கள்? அதற்காகவே அவரை மன்னிக்கலாம்.

"நம் மருந்து எதுவும் சோடையில்லை ஐயா" என்றான் சடையன். "இஞ்சியும் சுக்கும் வயிற்றில் இடம் பண்ணிக் கொடுத்தன. இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தே அந்த இடத்தையும் நிரப்பிவிட்டார்கள்."

ராஜா அவனைக் கூர்ந்து பார்த்தான். "அப்படியானால் இன்றைக்குக் கொடுத்தாயே ஒரு பெரிய மருந்து, அது என்ன?"

சடையன் தலை குனிந்தான். "சீரகத் தண்ணீர் மகாராஜா. திருஷ்டி என்றதும் பொய்தான்."

"ராஜாவிடம் பொய் சொன்னால் தண்டனை உண்டு."

சடையன் மனசுக்குள் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

"இன்று சாயங்காலம் வலிக்காவிட்டால், நாளை முதல் நீயும் பந்தியில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். உனக்குப் போதும் என்று தோன்றியதும் எனக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும். அதுதான் தண்டனை. நீ எழுந்தால் யார் வேண்டுமானாலும் எழலாம்."

சாயங்காலம் வந்தது, வலி வரவில்லை. மறுநாள் உச்சிவேளையில், ராஜா உட்கார்ந்திருக்கச் சமையற்காரன் எழுந்தான். சேனாதிபதி துள்ளிக் குதித்து இரண்டாவதாக எழுந்தார். அந்தத் திரையை மறுபடி கட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

எட்டாம் நாள் உமையாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆற்றங்கரையில் இல்லை, அவள் வீட்டிலேயே. தீட்டுக் கழிந்ததும் ராஜா பார்க்க வந்தான். அடுத்த வீட்டு மதினி பாலடையில் கழுதைப்பாலோ எதையோ வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று குழந்தையை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தாள். குழந்தை உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"விடுங்க மதினி, போதும்னு அவளே சொல்லிட்டாளே" என்றாள் உமையாள்.

ராஜா வெகுநேரம் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். "பிறந்து சில நாளே ஆன இதற்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதை முடிந்தது, இனி நீங்கள் தண்ணீர் குடிக்கலாம், இதை மட்டும் மறக்காதீர்கள்: அடுத்தவர் கண்ணுக்காகச் சாப்பிடுகிறவனை எந்த மருந்தும் காப்பாற்றாது, தன் பசி போதும் என்கிற இடத்தில் கை கழுவுகிறவனுக்கு ஒரு குவளைச் சீரகத் தண்ணீரே போதும்.