சின்னப் பெட்டியின் விலை

தூத்துக்குடியில் ராயப்பன் என்பவர் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். அடக்கவிலையோடு நூற்றுக்கு இருபத்தைந்து லாபம் சேர்த்து, வரும் விலையைப் பெட்டியின்மேல் சாக்பீஸால் எழுதிவைப்பார். பிள்ளைகளின் பெட்டிக்கு மட்டும் வேறு கணக்கு. தன் மகனை அடக்கம் செய்த அன்று, இனி எந்தப் பிள்ளையின் பெட்டியிலும் ஒரு ரூபாய்கூட லாபம் எடுப்பதில்லை என்று அவர் சத்தியம் செய்திருந்தார். அதனால் எழுதிய விலையிலிருந்து நூற்றுக்கு இருபத்தைந்தைக் கழித்துக்கொண்டு கொடுப்பார். நல்ல மனுஷர். ஆனால் கடையில் ஏன் காசு தங்கவே மாட்டேன் என்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

ஒருநாள் காலையில் கணக்கு வாத்தியார் ஞானதுரை வந்தார். காய்ச்சலில் போய்விட்ட மகள் ஜெசிந்தாவுக்குப் பெட்டி வேண்டும். வயது பன்னிரண்டு. பெட்டியில் ஐயாயிரம் என்று எழுதியிருந்தது. அவர் ஐயாயிரத்தையும் எடுத்து நீட்டினார்.

"மூவாயிரத்து எழுநூத்தம்பது போதும் சார். பிள்ளைங்க பெட்டிக்கு நான் லாபம் வாங்குறதில்ல. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அவளுக்கு நான் வாங்கிக் குடுக்குற கடைசிச் சாமான் அண்ணாச்சி. லாபம் வேண்டாம்னா சரி. ஆனா உங்களுக்கு ஆன செலவுல ஒரு ரூபா குறைச்சாலும் எனக்கு ஆறாது."

"எங்க சார் குறையுது? இருபத்தஞ்சு போட்டேன், இருபத்தஞ்சை எடுத்துட்டேன். சரியாப் போச்சுல்லா?"

வாத்தியார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போன மாதம் இதே மாதிரி ஒரு கணக்கில் ஜெசிந்தாவும் இதைத்தான் சொன்னாள். "சரியாப் போச்சுல்லாப்பா?" கணக்கு வாத்தியார் மகள் இப்படியா என்று அவர் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். அவள் அழுதுகொண்டே படுக்கப் போனாள். அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவரும் விட்டுவிட்டார். அதன்பின் காய்ச்சல் வந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ராயப்பனின் சத்தியமும் கெடக்கூடாது, அந்தத் தகப்பன் மனமும் ஆற வேண்டும். பெட்டிக்கு எவ்வளவு கொடுப்பது சரி?

விடை: நாலாயிரம். அடக்கவிலை நாலாயிரத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்றால் ஆயிரம். அதைச் சேர்த்துத்தான் ஐயாயிரம் ஆனது. கழிக்கும்போதோ ராயப்பன் அந்த ஐயாயிரத்துக்கு இருபத்தைந்து சதவீதம் பார்த்து, ஆயிரத்து இருநூற்றைம்பதைக் கழித்துவிட்டார். இருநூற்றைம்பது அவர் கையை விட்டுப் போனது. லாபம் எடுக்காதவர் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஞானதுரை சாக்பீஸை வாங்கி, பெட்டி மூடியின் உள்பக்கத்தில் இந்தக் கணக்கை மெதுவாகப் போட்டுக் காட்டினார். ராயப்பனுக்குப் பிடிபடவில்லை. வாத்தியார் குரலை உயர்த்தாமல் இன்னொரு தடவை சொன்னார். புரிந்ததும் ராயப்பன் நாலாயிரத்தை வாங்கிக்கொண்டு, மூடியைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"அழிக்காதீங்க அண்ணாச்சி," என்றார் வாத்தியார். "அவளுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கல."