மூன்று முழம், இரண்டு முழம்

பனிப்புயல் ஓய்ந்த காலையில் மடத்துக்கு முதலில் வந்தவன் பக்தன் அல்ல. சாலை அதிகாரியின் சேவகன்.

"மடத்திலிருந்து ஒரு ஆள் வேண்டுமாம்" என்றான். எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை.

மடத்தின் தலைவி குரு பெமா, நவாங் என்பவனை அனுப்பினார். நவாங் அவருடைய சிஷ்யன், ஆனால் வயதில் மூத்தவன். மனைவி இறந்த பிறகு மடத்தில் சேர்ந்தவன். அவன் குருவை அம்மா என்பான். அவர் அவனை அண்ணா என்பார்.

அதிகாரி நவாங்கை உட்காரவைத்து வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மலைமேல் இருக்கும் மேலூருக்கும் அடிவாரத்துக் கீழூருக்கும் போகும் சாலைகளைப் பனி மூடிவிட்டது. பனி அள்ள ஒரு இயந்திரத்தைத்தான் அனுப்ப முடியும். எந்த ஊரில் பனி அதிகம் விழுந்ததோ அந்த ஊருக்கு அது முதலில் போகும்.

"மேலூர்க்காரர்கள் மூன்று முழம் என்கிறார்கள். கீழூர்க்காரர்கள் இரண்டு முழம் என்கிறார்கள். கேட்டால் ஒருவரை ஒருவர் திருடன் என்கிறார்கள். நான் யாரை நம்புவது? மடம் சொன்னால் இரண்டு ஊரும் வாயை மூடும்."

நவாங் தலையாட்டிவிட்டு எழுந்தான். கீழூரில் அவன் மகள் யாங்கிக்குத் தலைப்பிரசவ வலி கண்டிருந்தது. அதை அவன் அதிகாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் தன் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும் என்று நினைத்தான்.

பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு முதலில் கீழூருக்கு நடந்தான். மருத்துவச்சி வாசலிலேயே நின்றாள். உள்ளே யாங்கியின் முனகல் கேட்டது.

"குழந்தை குறுக்கே கிடக்கிறது. என் கைக்கு மீறிப்போச்சு. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றாள். பிறகு அவன் கையில் இருந்த அளவுகோலைப் பார்த்தாள். "இதை எதுக்கு எடுத்துட்டு வந்தே? இதை வைத்தா பிரசவம் பார்க்கப்போறே?"

நவாங் ஊர்ப் பொதுவிடத்தில் பனி அளப்பதற்காகப் போட்டிருந்த பலகையருகே போனான். கோலை ஊன்றினான். இரண்டு முழம்.

"சரியாக அளந்தீர்களா?" என்று ஊர்க்காரர்களைக் கேட்டான்.

"புயல் நின்ற பிறகு ஒரே தடவை அளந்தோம். பெய்கிற பனியைத் தொடமாட்டோம், உனக்குத் தெரியாதா? சாப்பிடுகிறவன் தட்டைப் பாதியில் பிடுங்கலாமா?"

அவன் மேலூருக்கு ஏறினான். அங்கே ஒரு வீட்டுக் கூரை இடிந்து ஒரு மேய்ப்பனின் கால் நசுங்கியிருந்தது. அந்த ஆளும் ஆஸ்பத்திரிக்குத்தான் காத்திருந்தான். நவாங் அவனைப் பார்க்கப் போகவில்லை. பார்த்தால் மனம் இளகிவிடும் என்று பயந்தான்.

ஊர்த்தலைவர் கியாட்சோ சிரித்தார். "மடத்துச் சாமியே கோலோடு வந்துவிட்டார். அது கீழூர்க் கோலா, பொதுக் கோலா?"

நவாங் பலகைக்குப் பக்கத்தில், யாரும் மிதிக்காத பனியில் கோலை ஊன்றினான். இரண்டு முழம். வேறொரு இடத்தில் ஊன்றினான். அங்கேயும் இரண்டு முழம்தான்.

"மூன்று என்றீர்களே?"

"மூன்றுதான்."

"மீதி ஒரு முழம் எங்கே?"

"எங்களைக் கேட்டால்? விழுந்ததைச் சொன்னோம். கிடப்பதை நீ அளக்கிறாய்."

நவாங்குக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. திருடன் பிடிபட்டான் என்ற நிம்மதியோடு மடத்துக்குத் திரும்பினான்.

குரு கம்பளி மெத்தைகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மேலூர் பொய் சொல்கிறது அம்மா. நானே அளந்தேன்."

"அவர்கள் எப்படி அளந்தார்களாம்?"

"அதைக் கேட்கவில்லை. பொய் சொல்வதற்கு முறை எதற்கு?"

"எனக்குத் தெரியும், சொல்கிறேன். அங்கே மடத்து மணி கேட்கும்போதெல்லாம் பலகையில் விழுந்ததை அளப்பார்கள். உடனே துடைத்துவிட்டுப் பலகையைத் திரும்பப் போடுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுவார்கள்."

நவாங் அவரை உற்றுப் பார்த்தான். "நீங்கள் மேலூரில் பிறந்தவர்."

"ஆமாம் அண்ணா."

"அதனால்தான் அவர்களுக்காகப் பேசுகிறீர்கள்."

"இருக்கலாம். இந்த மெத்தைகளின் தடிமனை ஒவ்வொன்றாக அளந்து கூட்டிச் சொல்லுங்கள்."

இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று நவாங் நினைத்தான். ஆனாலும் அளந்தான். மூன்று முழம் வந்தது.

"இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்."

அடுக்கினான். மேல் மெத்தை உப்பியிருந்தது. அடி மெத்தை நசுங்கிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. கோலை வைத்தான். இரண்டு முழம்தான் இருந்தது. குனிந்து அடியில் பார்த்தான். எதையாவது உருவிவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்தான். எல்லாம் இருந்தன.

"இதுவும் மேலூர்க் கம்பளிதானே?" என்றான்.

"கீழூர்க் கம்பளி கொண்டுவாருங்கள். அதையும் அடுக்கலாம்."

நவாங் அடுக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கோலால் தரையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"அப்படியானால் இரண்டு ஊரும் பொய் சொல்லவில்லை."

"இல்லை."

"இரண்டு ஊரிலும் விழுந்த பனி ஒன்றுதான்."

"கிட்டத்தட்ட."

"இது இன்னும் மோசம் அம்மா. ஒருவன் திருடன் என்றால் மற்றவனுக்குச் சாலை கிடைக்கும். இப்போது நான் யாருக்குக் கேட்பது?" அவன் கோலைத் தரையில் போட்டான். "அங்கே என் மகள் கிடக்கிறாள். அவளுக்குக் கேட்டால் மேய்ப்பன் சாவான். மேய்ப்பனுக்குக் கேட்டால் அவள். அந்த அதிகாரியிடம் நான் போய் என்ன சொல்வது?"

குரு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதிகாரி வீட்டு வாசலில் எத்தனை முழம் அண்ணா?"

நவாங் நிமிர்ந்தான்.

"அங்கே பனி இல்லை."

"அந்த வீட்டுக்கு மட்டும் பெய்யவில்லையா?"

"பெய்தது. கூரையில் கிடந்தது." அவன் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "தரையில் இல்லை. வாசலிலிருந்து விருந்தினர் மாளிகை வரைக்கும் மண் தெரிந்தது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி ஒதுக்கி வைத்திருந்தார்கள்."

"எதை வைத்து ஒதுக்கினார்கள்?"

"அத்தனை பனியை இயந்திரம்தான் ஒதுக்க முடியும்" என்றான் நவாங்.

"அவர் உங்களிடம் என்ன சொன்னார்? இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது என்றாரா?"

"இல்லை அம்மா. ஒன்றைத்தான் அனுப்ப முடியும் என்றார். அப்படியானால் இன்னொன்று அங்கேதான் நிற்கிறது."

குரு எழுந்து, அவனுடைய பனிச்செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தார்.

"மேலூர்க்காரர்களையும் கீழூர்க்காரர்களையும் ஒன்றாக அங்கே கூட்டிப்போங்கள் அண்ணா. அளப்பதற்குப் பனி இல்லாத இடத்தில் அவர்கள் சண்டை போடமாட்டார்கள்."