குளத்துக்கு உப்புப் பார்த்த கதை

எங்க அபார்ட்மெண்டுல புதுசா நீச்சல் குளம் கட்டியிருக்கறோமுங்க. கோயமுத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் வந்தீங்கன்னா வந்து பாருங்க. சாதாக் குளமில்லீங்க, உப்புத்தண்ணிக் குளம். தண்ணியில உப்பைப் போட்டுட்டாப் போதும், மோட்டார் ரூம்ல இருக்கற மெசினு கரண்டை வச்சு அந்த உப்புலருந்தே குளோரினைத் தயார் பண்ணிக்கும். ஆனா எல்லாமே அளவா நிக்கோணும். மெசினுல உப்பு மூவாயிரத்து இருநூறுன்னு காட்டோணும். ஒண்ணு ஏறி இன்னொண்ணு இறங்குனா, தண்ணி கலங்கிப் போயிருமுங்க.

எங்களுக்கும் கலங்கித்தான் நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. குளத்தைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு செக்ரட்டரி வசந்தாமணி அக்கா கேட் வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வச்சிருந்தாங்க. அவரு சொல்லித்தான் தவசிமுத்து வந்தாரு. தூத்துக்குடிக்காரரு. மீசையே ரெண்டு ஆள் பேச்சுப் பேசும். கிளப் ஹவுஸ்ல அக்கா, நானு, நாச்சிமுத்தண்ணன் மூணு பேரும் உக்காந்திருந்தோம். நாச்சிமுத்தண்ணன் திருப்பூர்ல சாயப்பட்டறை லேப் பாத்தவரு. முட்டிவலி மட்டும் இல்லைன்னா குளத்தை அவரே பாத்துக்குவாரு.

மோட்டார் ரூம் சாவி அக்கா முன்னாடி மேசை மேல இருந்துச்சு. தவசிமுத்து அதையே பாத்துக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"யக்கா, ஒளிச்சுப் பேசத் தெரியாது எனக்கு. மகளை இங்க கணபதியில கட்டிக் குடுத்திருக்கு. இது அவளுக்கு நெறமாசம். பொண்டாட்டி அங்கதான் கெடக்கா. மருமகன் வீட்டுல சும்மா உக்காந்து திங்க எனக்கு மானம் இடங்குடுக்கல. இந்த வேலை கெடைச்சா பேரப்பிள்ளை மூஞ்சியப் பாத்துக்கிட்டு இங்கனயே இருப்பேன். இல்லாட்டி ராத்திரி பஸ் ஏறிருவேன்."

அக்காவுக்கு மனசு இளகிருச்சு. "சரிங்ணா, உங்களுக்கு இதுல என்னங்க அனுபவம்?"

"அனுபவமா? நான் கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டர்லா! குளத்துக்கும் குழம்புக்கும் ஒரு எழுத்துதான வித்தியாசம்."

"ரெண்டு எழுத்துங்க," அப்படீன்னாரு நாச்சிமுத்தண்ணன்.

"படிச்சவங்க எண்ணுங்க அண்ணாச்சி, நான் நாக்குல பாக்கிற ஆளு. பொறந்த அன்னைக்கு எங்க அத்தை எனக்குச் சேனை வைக்க வந்தா. சீனித் தண்ணிக்குப் பதிலா உப்பளத்துத் தண்ணிய நாக்குல வச்சுட்டா. மத்த பிள்ளையா இருந்தா வீல்னு கத்தியிருக்கும். நான் சப்புக் கொட்டிட்டு, 'இது வடக்குப் பாத்தி உப்பு'ன்னேன். தாதி மயங்கி விழுந்துட்டா."

"பொறந்த அன்னைக்கே பேசுனீங்களாக்கும்?"

"அது ஒண்ணுதான் பேசினேன். அடுத்த வார்த்தை ஒரு வயசுலதான். பொய் சொல்லப்படாதுல்லா."

நாச்சிமுத்தண்ணன் என்னைப் பாத்தாரு. நான் மேல ஃபேனைப் பாத்தேன்.

"எங்க ஊரு பீச் ரோட்டுல பெரிய முதலாளி ஒருத்தரு இதே மாதிரி ஒரு குளம் கட்டினாரு. அங்க நடந்த மொதக் கல்யாணத்துக்குச் சமையல் என்னுது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பாத்தா குளம் கீரைக் கடைசலா நிக்கி. கம்பெனி என்சினீயரு மீட்டரை விட்டுட்டு முழிக்காரு. நான் ஒரு சொட்டு எடுத்து நாக்குல வச்சேன். 'ஏ, உப்புப் பத்தலவே'ன்னேன். சொல்லி வாய மூடல, வாசல்ல நின்ன லாரிக்காரனுவ ரெண்டு லாரி உப்பையும் மொத்தமாக் கவுத்திட்டானுவ!"

"அய்யய்யோ, உப்பு ஏறியிருக்குமேங்க!" அக்கா நெசமாலுமே பயந்துட்டாங்க.

"ஏறுச்சாவா? தண்ணி இறுகிப் போச்சுக்கா. ஒரு ஆள் முங்க முடியல. மாப்பிள்ளையோட தாய்மாமன், நல்ல கனத்த மனுசன், ஓடி வந்து குதிச்சாரு. குதிச்ச வேகத்துல தண்ணி அவரை அப்படியே திருப்பி எறிஞ்சு, மூணாவது மாடி பால்கனியில போயி உக்காந்துட்டாரு. எறக்கி விட ஏணி தேட வேண்டியதாப் போச்சு."

"மாடிப்படி இல்லீங்களா?" அப்படீன்னு நான் கேட்டுப்புட்டேன்.

"இருந்துச்சு தம்பி. அவரு ரெண்டாவது ஆட்டத்துக்கு நேரா கீழ குதிக்கணும்னு பால்கனிக் கதவைப் பூட்டிக்கிட்டு அடம் புடிச்சாரு, அதான். சரி, அதை விடுங்க. உப்புக் கூடிப்போச்சு, இப்ப என்ன செய்யணும்?"

"பாதித் தண்ணிய வெளிய விட்டுட்டு நல்ல தண்ணி விடோணுமுங்க," அப்படீன்னாரு நாச்சிமுத்தண்ணன். "வேற வழி கெடையாது."

"சாம்பார்ல உப்புக் கூடினா பாதிச் சாம்பாரைக் கீழ ஊத்துவீங்களா அண்ணாச்சி? உருளைக்கிழங்கு போடணும்லா! நாலு லாரி கெழங்கை எறக்கினேன். விடியுறதுக்குள்ள உப்பையெல்லாம் உறிஞ்சிருச்சு. ஆனா சவத்துக் கெழங்கு, உப்போட நிக்காம தண்ணியையும் சேத்துக் குடிச்சிருச்சு. ஒவ்வொரு கெழங்கும் ஒரு ஆட்டோ பெரிசு! கிரேனை விட்டுத் தூக்கினோம். அதுலதான் அன்னைக்குப் போண்டா. ஒரு போண்டாவ ஒரு தெருவே வெட்டித் தின்னுச்சு. நடுவுல மாட்டிக்கிட்ட ஒருத்தன் மறுநாள்தான் வெளிய வந்தான், கையில சட்னிக் கிண்ணத்தோட."

அக்கா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. தவசிமுத்துக்கு அது போதுமுங்க, நாற்காலியை இன்னும் முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

நாச்சிமுத்தண்ணனுக்குத்தான் பொறுக்கல. "இருங்க, இருங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தண்ணியில காரத்தன்மை குறைஞ்சு போச்சுன்னா என்ன போடுவீங்க?"

"என்சினீயரும் இதேதான் கேட்டாரு! 'மாஸ்டர், காரம் கம்மியா இருக்கு'ன்னாரு. காரம்தானவே, இதுக்கா கவலைன்னு அஞ்சு மூட்டை விளாத்திகுளம் மொளகாய அரைச்சுக் கலக்கிட்டேன்."

"அட, காரமுன்னா மொளகா இல்லீங்க! சோடா உப்பு! சோடா உப்பைப் போடோணும்!"

"அதை அவரு முன்னாலயே சொல்லணும்லா அண்ணாச்சி? படிச்சவங்க இப்படித்தான், பாதிய வாய்க்குள்ளயே வச்சுக்கிடுவீங்க. ஆனா ஒண்ணு, அதுலயும் நல்லது நடந்துச்சு. நீச்சல் தெரியாத பயலுவல்லாம் இந்தக் கரையில காலை வச்சு அந்தக் கரையில எந்திரிச்சானுவ. நடுவுல நனையவே இல்ல! ஒருத்தன் போன வேகத்துக்குக் கரையத் தாண்டி, காம்பவுண்டத் தாண்டி, காயல்பட்டணத்துல போயித்தான் நின்னான். அங்கருந்து போன் போட்டு, 'அண்ணே, துண்டக் குடுத்து விடுங்க'ங்கான்."

"சரி, காரம் ஏறிருச்சு. புதுசா சிமெண்டு பூசுன குளத்துல எப்படியும் பிஎச் மேலதான் போகும். அதை எப்படீங்க எறக்குனீங்க?" நாச்சிமுத்தண்ணன் விடறதா இல்லை. "அது ஏழரையில நிக்கோணுமுங்க."

"ஏழரையா? நல்ல காரியம் நடக்கிற எடத்துல எதுக்கு அண்ணாச்சி ஏழரையக் கூப்பிடுதீங்க? நான் ஏழே முக்கால்ல நிப்பாட்டினேன். எப்படின்னு கேளுங்க."

"கேக்க மாட்டேன்."

"புளி! பழம்புளி, கொட்டை நீக்கினது. கரைச்சு ஊத்தினேன் பாருங்க, தண்ணி கண்ணாடியாயிருச்சு. ஊத்தினது குளத்துக்கு, பலன் குளிச்சவனுக்கு. புளி போட்டுத் தேய்ச்ச பித்தளைச் செம்பு மாதிரி ஆளாளுக்குப் பளபளங்கானுவ. பொண்ணோட பெரியப்பா, எழுவது வயசு, உள்ள எறங்கி ஏறினாரு. முப்பது வயசு! அவரு சம்சாரம், 'எவன்லே நீ'ன்னு பக்கத்துல சேக்கல. சத்தியம் பண்ணிப் பாத்தாரு, ரேசன் கார்டைக் காட்டிப் பாத்தாரு, ஊகூம். வேற வழியில்லாம அதே பந்தல்ல அந்தம்மாளுக்கே மறுபடியும் தாலி கட்டினாரு. அந்தக் கல்யாணத்துக்கும் சமையல் நான்தான்."

"காதுல பூச் சுத்தறீங்க," அப்படீன்னாரு நாச்சிமுத்தண்ணன். "அதுவும் முழம் முழமா."

"நம்பாட்டி விடுங்க. இப்பச் சொல்லப்போறதைக் கேட்டா என்ன செய்வீங்களோ! மறுநா காலைல கதவத் தெறக்கேன், பீச் ரோடு பூரா மீனு. சீலா மீனு முன்னால, பாறை மீனு பின்னால, நண்டு சிண்டெல்லாம் நடுவுல. நெத்திலியெல்லாம் பெருசுங்க முதுகுல ஏறிக்கிட்டு வருது. 'எங்கவே எல்லாரும்'னேன். 'அங்க ஒரே கரிப்பு மாஸ்டர், இங்க உப்பு அளவா இருக்காம்லா'ன்னு குளத்துக்குள்ள குடிவந்துட்டு. பின்னாலயே வலைக்காரங்க வந்துட்டாங்க. 'எங்க பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரே, கடலையும் நீரே சரி பண்ணும்'னு ஒரே சண்டை."

"சரி பண்ணிட்டீங்களாக்கும்?"

"கடலுக்குக் கெழங்கு கட்டுபடியாவாது அண்ணாச்சி. அரிசி மாவுதான். ஊருல இருக்கிற மில்லெல்லாம் ஓட விட்டு, மாவு பெசைஞ்சு, ஒரு உருண்டை புடிச்சுக் கடல்ல போட்டேன். கரிப்பு எறங்கிச்சு, மீனும் திரும்பிப் போச்சு. உருண்டைய எடுக்கத்தான் ஆளில்ல. இன்னைக்கும் தூத்துக்குடிக்குப் போயிப் பாருங்க, கரையில நின்னாலே தெரியும். முயல்தீவுன்னு பேரு வச்சிருக்கானுவ."

நாச்சிமுத்தண்ணன் எந்திரிச்சே நின்னுட்டாரு, முட்டிவலியை மறந்துட்டு. "தீவையே நீங்க ஒத்தை ஆளா உருட்டுனீங்க?"

"சேச்சே, இல்லாததைச் சொல்லுவனா? என் மச்சினனும் ஒரு கை புடிச்சான்."

சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சிருச்சுங்க. அக்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டே எந்திரிச்சு உள்ள போனாங்க. திரும்பி வரும்போது கையில ஒரு சில்வர் டம்ளர். தவசிமுத்து முன்னாடி வச்சாங்க.

அவரு முதுகு நிமிந்திருச்சு. "பரீட்சையா யக்கா? வைங்க, வைங்க."

டம்ளரைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சாரு. மோந்து பாத்தாரு. உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கிட்டு நக்கினாரு. சாவி மேல கையை வச்சுக்கிட்டுத்தான் கண்ணைத் தெறந்தாரு.

"உப்பு, மூவாயிரத்து எரநூறு. இம்மி பெசகல. இதுக்கு மேல ஒரு கல்லு விழுந்தா நான் பொறுப்பில்ல. குளோரின் ஒரு பொட்டு தூக்கல். அடியில புதுச் சிமெண்டு வாடை லேசா அடிக்கி. ரெண்டு நாள் என் கையில விடுங்க, கண்ணாடியாக்கித் தாரேன்."

அக்கா மெதுவாச் சொன்னாங்க. "ஏனுங்ணா, பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்குமேன்னு குடிக்கக் கொண்டாந்தனுங்க. சிறுவாணித் தண்ணிங்க அது."

தவசிமுத்து டம்ளரைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு. சாவி மேல இருந்த கையை எடுத்துட்டாரு. நாச்சிமுத்தண்ணன் கூடச் சிரிக்கலீங்க. அந்த மனுசன் மடமடன்னு தண்ணிய முழுசாக் குடிச்சுட்டு, "நல்ல ருசிக்கா. வாரேன்"னு பையைத் தூக்கினதப் பாக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

"உக்காருங்ணா," அப்படீன்னாங்க அக்கா. சாவியை எடுத்து நாச்சிமுத்தண்ணன் கையில வச்சாங்க. "கிளப் ஹவுஸ் கேண்டீனுக்கு ஒரு மாஸ்டர் வேணுமுங்க. தங்கறதுக்கு ரூம் இருக்குது, கணபதி பஸ் வாசல்லயே நிக்கும். நாளைக்கே வந்துருங்க."

தவசிமுத்து முகம் மலந்திருச்சு. "யக்கா! என் கைப்பக்குவத்தைப் பத்திச் சொல்லணும்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க, சமைங்க போதும்," அப்படீன்னாங்க வசந்தாமணி அக்கா. "உப்பு மட்டும் நாங்க போட்டுக்கறோம்."