எபநேசரின் அடுப்பு

"அக்கா, ஒரு வீடு கூட என்னை உள்ளே கூப்பிடலை" என்றார் எபநேசர்.

எபநேசருக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. கெசியாவுக்கு இப்போதுதான் முப்பது நடக்கிறது. ஆனாலும் ஆற்றங்கரைக் குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கிவைத்த அந்த மாடிக் குடியிருப்பில் அவள் எல்லோருக்கும் அக்கா. நாய்களுக்குப் பேச்சு வந்தால் அவையும் அப்படித்தான் கூப்பிடும்.

ஏழைகள் நடுவே ஊழியம் செய்ய ஆள் தயார்பண்ணுகிறவள் அவள். அவளிடம் சீஷராக வந்தால் வகுப்பு கிடையாது. ஓர் அறையைக் காட்டி, "இங்கேயே இருங்க" என்பாள். பாடம் முடிந்தது.

எபநேசர் ரயில்வே வேலையை உதறிவிட்டு வந்தவர். ஒரு மாதம் தாங்க மாட்டார் என்று வீட்டில் சிரித்துத்தான் அனுப்பினார்கள். அதனாலேயே மனிதர் ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை. பிள்ளைகளுக்குப் பென்சில். வயசானவர்களுக்குப் போர்வை. அவர் கொடுத்த பால் பவுடரில் அந்த பிளாக்குப் பூனைகள் கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டன. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். "டேங்ஸ் சார்" என்பார்கள். கதவு சாத்திக்கொள்ளும்.

"ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன்" என்றார். "ஒரு வீடாவது கூப்பிடலைன்னா, கர்த்தர் என்னை இதுக்கு அழைக்கலைன்னு ஊருக்குக் கிளம்பிடுவேன்."

கெசியா அவருடைய அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

தண்ணீர் ஃபில்டர். மருந்துப் பெட்டி. டார்ச். ஒரு குடை, அது தொலைந்தால் இன்னொரு குடை. நோவா இத்தனை முன்யோசனைக்காரராக இருந்திருந்தால் பேழையில் யானைக்கு இடம் இருந்திருக்காது.

"டீ போடுங்க பிரதர்" என்றாள்.

போட்டார். குடித்தாள். அடுப்புச் சூடு ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பிறகு கேஸ் ட்யூபைக் கழற்றினாள். அடுப்பைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

யாருக்குக் கொடுக்கப்போகிறாள் என்று கேட்டார் எபநேசர்.

"யாருக்கும் இல்லை" என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பிஸ்கட்டில் ஓட்டினார். மறுநாள் முனைக் கடையில் பரோட்டா. அது உள்ளே போன வேகத்தில் போருக்குப் புறப்பட்டது. பொழுது விடிந்தபோது எபநேசருக்கு எழுந்து நிற்கவே சுவர் தேவைப்பட்டது.

கஞ்சி குடித்தால் தேவலாம். அரிசி இருக்கிறது. நெருப்பு இல்லை.

கெசியா மேல் வந்த கோபத்தில் மூட்டைகூடக் கட்டப் பார்த்தார். குனிய முடியவில்லை.

ஒரு டம்ளரில் அரிசியை அள்ளிக்கொண்டு, எதிர்வீட்டுத் தேசம்மாவின் கதவைத் தட்டினார். தேசம்மா பேருந்து நிறுத்தத்தில் மீன் வறுத்து விற்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து லிஃப்ட் அந்த மாடியில் நிற்பதில்லை.

கதவு திறந்தது. தேசம்மா டம்ளரைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"டேங்ஸ் சார்."

கதவு பாதி சாத்தியாகிவிட்டது.

"இல்லைம்மா" என்றார் எபநேசர். பிரசங்கத்தில் மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல், இப்போது அவள் காதுக்கே எட்டுமோ என்னவோ. "அது உங்களுக்கு இல்லை. எனக்கு உடம்பு முடியலை. கொஞ்சம் கஞ்சி வெச்சுத் தர முடியுமா?"

தேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

சனிக்கிழமை கெசியா வந்தபோது எபநேசரின் அறை பூட்டியிருந்தது. தேசம்மா வீட்டுத் தரையில் சம்மணம் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர் பூண்டு உரிக்கிற அழகைத் தேசம்மா அடுப்படியிலிருந்து வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே, பேச்சுவார்த்தை விட்டுப்போன மூத்த மகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கெசியா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"என்ன பிரதர், சுவிசேஷம் சொல்லியாச்சா?"

"நான் எங்கே அக்கா சொன்னேன்" என்றார் எபநேசர். "அவங்கதான் எனக்குச் சொன்னாங்க."

"தேசம்மாவா? என்ன சொன்னா?"

அவர் பூண்டுக் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"'உள்ள வாய்யா'ன்னாங்க."