சோறு வராத பந்தியில் வைத்த காசு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்குள நாட்டை மருதகேசரி என்று ஒரு ராசா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனதில் ஒரு கேள்வி புகுந்துவிட்டால், விடை தெரியும்வரை தானும் தூங்கமாட்டார், மற்றவர்களையும் தூங்க விடமாட்டார்.

ஒரு நாள் தானிய வியாபாரி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு, வடக்குச் சாலையில் அரண்மனைச் செலவில் நடக்கும் அன்னசத்திரத்துக்குச் சாப்பிடப் போனார். பரிமாறியவன் பெயர் ஆவுடையப்பன். உட்கார்ந்த உடனே ஒரு பெரிய சொம்பு பானகம் கொண்டுவந்து வைத்தான். அதைக் குடித்து முடிக்குமுன் இன்னொரு சொம்பு. பிறகு கோழிக்கு இறைத்தது போல் கொஞ்சம் சோறு, அது மிதக்கக் குழம்பு. ராசா மறுசோறு கேட்டார். இதோ என்று போனவன் போனவன்தான். கை காய்ந்து, பானகம் வயிற்றில் ஊதி, பசியெல்லாம் செத்த பிறகு சோற்று வாளி வந்தது. ராசாவால் ஒரு கவளம்கூட இறக்க முடியவில்லை.

சாப்பிட்டு எழும்போது பரிமாறியவனுக்கு இலையோரம் ஒரு காசு வைப்பது அந்த நாட்டு வழக்கம். பக்கத்து இலைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள். ராசாவும் வைத்தார். பாதி வழி வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அரை வயிற்றுக்கு எதற்கு இனாம்? நான் ஏன் வைத்தேன்?

மறுநாள் சபையில் இதே கேள்விதான். தர்மகுணம் என்றார் ஒருவர். பழக்கதோஷம் என்றார் இன்னொருவர். சோதிடர் வழக்கம்போல் சனியின் தலையில் போட்டார். எதுவும் ராசாவுக்கு ஒட்டவில்லை.

சத்திரங்களை மேற்பார்க்கும் மணியக்காரர் கஜபதி எழுந்தார். மந்திரி பூவராகரின் ஆசனம் தன் ஆசனத்தைவிட ஒரு படி உயரம் என்பது ஏழு வருஷமாக அவருக்குச் செரிக்காத விஷயம். வைத்த காசைப் பற்றி யோசிப்பானேன், அந்தச் சோம்பேறிக்குப் பன்னிரண்டு கசையடி கொடுத்து வேலையை விட்டுத் துரத்தினால் போதும் என்றார்.

ஆவுடையப்பனை இழுத்து வந்தார்கள். அவன் கரண்டியை நம்பி வீட்டில் ஐந்து வயிறு. மணியக்காரரை ஒரு முறை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

பூவராகர் ராசாவிடம் திரும்பினார். "மகாராசா, உப்புக் கேட்டீர்களா?"

"கேட்டேன். ஓடிவந்து வைத்தான்."

"தண்ணீர்?"

"கேட்காமலே கொண்டுவந்தான்."

"அப்படியானால் இவன் சோம்பேறி இல்லை. சோற்றுக்கு மட்டும் இவன் கால் ஏன் நொண்டியது? ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். நாளை நான் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுங்கள்."

விடை கிடைக்கவில்லை என்றால் கசையடி நிச்சயம் என்று ராசா சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர, அன்று முழுக்க அந்த நொண்டிக் காலைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூவராகர் ஒரு பட்டுச் சால்வையோடு வந்தார். மகாராசாவுக்குப் பத்து வருஷமாக இருந்த வயிற்றுப் பொருமல் அந்தச் சத்திரத்துச் சாப்பாட்டோடு பறந்துவிட்டது, அரண்மனை வைத்தியரே அசந்துபோனார் என்று சபைக்கு அறிவித்தார். ராசா தலையை ஆட்டினார். முதலில் பானகம், பிறகு காத்திருப்பு, கடைசியில் சோறு. இப்படி ஓர் அருமையான முறையைக் கண்டுபிடித்த ஆவுடையப்பனுக்குப் 'பந்தி வேந்தன்' என்று பட்டம். மந்திரியின் ஆசனத்துக்கு ஒரு படி மேலே ஆசனம். ராசா அதற்கும் தலையை ஆட்டினார்.

சால்வை ஆவுடையப்பன் தோளைத் தொடப்போனது. கஜபதியால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்கள். கரண்டி பிடிக்கிறவனுக்கு இவ்வளவு மூளை ஏது? அது என் யோசனை, மகாராசா. மறுசோற்றை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நூறு எண்ணிவிட்டு வா, முன்னால் வந்தால் முதுகுத்தோல் உரியும் என்று இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எட்டு மூட்டை அரிசி போகிற இடத்தில் ஐந்தே மூட்டையில் பந்தியை முடிக்கிறேன்."

"பலே" என்றார் பூவராகர். "மிச்சம் மூன்று மூட்டை எங்கே போகிறது, மணியக்காரரே?"

கஜபதி வாசல் பக்கம் நழுவப் பார்த்தார், காவலர்கள் மறித்தார்கள். அப்போதுதான் ராசாவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அன்று இலைக்கு முன்னால் வாளியோடு குனிந்தபோது இந்த ஆவுடையப்பன் ராசாவின் முகத்தைப் பார்க்கக் கூசினான். அந்தக் கூச்சத்தைப் பார்த்துத்தான் கை தானாகக் காசை எடுத்திருக்கிறது.

சால்வை ஆவுடையப்பனுக்கே போனது, சத்திரத்து மணியக்காரர் வேலையும் சேர்ந்து. கஜபதி ஒரு வருஷம் அதே பந்தியில் பரிமாற வேண்டும், வேளைக்குச் சோறும் இலையோரத்தில் விழுவதும்தான் கூலி என்று தீர்ப்பானது.

முதல் நாள் ராசா வேஷம் போடாமலே போய் உட்கார்ந்தார். கேட்குமுன்னே சோறு மலையாக விழுந்தது. ரசம் வந்தது, மோர் வந்தது, ஈ ஓட்ட விசிறியும் வந்தது. ராசா திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இலையோரம் வெறுமையாக இருந்தது.

"மகாராசா, இன்று ஏதாவது குறையா?" என்று கேட்டார் கஜபதி.

"ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ பரிமாறியது எனக்கு இல்லை, உன் பயத்துக்கு. காசை அதனிடமே வாங்கிக்கொள்."

பக்கத்து இலையில் ஒரு வண்டிக்காரன். பரிமாறுகிறவர் இன்னார் என்று அவனுக்குத் தெரியாது. பெரிய ஏப்பம் ஒன்று விட்டுவிட்டு, "மவராசனா இரும்" என்று ஒரு செப்புக்காசை வைத்துப் போனான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு கஜபதி அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். பிறந்ததிலிருந்து அவர் வேலை செய்து வாங்கிய முதல் காசு அதுதான்.