அரைஞாணில் தொங்கிய வலைப்பூ

"குருவே, எந்த மென்பொருளை நம்புறது?"

மலை ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் கேட்டுவிட்டார் பொன்னுரங்கம்.

குரு மாதரசிக்கு அவர் மகள் வயது இருக்கும். மலைமேல் சொந்தமாக ஒரு செர்வர் வைத்துக்கொண்டு, வலைப்பூ எழுதுகிறவர்களின் குழப்பத்தைத் தீர்ப்பவள்.

"முதல்ல மோர் குடிங்க ஐயா."

பொன்னுரங்கம் மோரை முகர்ந்து பார்த்தார்.

"மோர்மேலயும் சந்தேகமா?"

"பட்டவன் குருவே."

பட்டது உண்மைதான். ஏரிப் பறவைகளைப் பற்றி வருஷக்கணக்காக ஓர் இலவசத் தளத்தில் எழுதிவந்தார். ஒருநாள் விடிந்து பார்த்தால் தளமே இல்லை. முக்கால்வாசி எழுத்து அதோடு போயிற்று.

மிஞ்சியதை ஒரு பென்டிரைவில் போட்டு அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். இனிமேல் சொந்தத் தளம்தான். ஆனால் எந்த மென்பொருளில் அதைக் கட்டுவது?

"எதெதைப் பார்த்தீங்க?"

பொன்னுரங்கம் முதல் மென்பொருளாகவே மாறி, நகைக்கடை வாசலில் ஆள் கூப்பிடுகிறவர் மாதிரி குழைந்தார். "'வாங்க சார், வாங்க. ரெண்டே கிளிக், வலைப்பூ ரெடி. எது வேணும்னாலும் மேல ஒட்டிக்க ஒரு பிளகின் இருக்கு சார்.' இவ்வளவு பல்லைக் காட்டினா நம்பலாமா?"

"அடுத்தது?"

மூக்கால் பேசினார். "'டேட்டாபேஸா? அந்த அசுத்தமெல்லாம் நாங்க தொடுறதில்ல. வெறும் டெக்ஸ்ட் கோப்புதான். கட்டளை தெரிஞ்சா உள்ள வா, தெரியலேன்னா நகரு.' இவ்வளவு ஆசாரம் பார்த்தா நம்பலாமா?"

"மூணாவது?"

"அது வாயே திறக்கல. அதான் ரொம்ப சந்தேகம்."

குரு கையை நீட்டினாள். "இடுப்புல இருக்கறதக் குடுங்க. மூணுலயும் போட்டுப் பார்ப்போம்."

பொன்னுரங்கத்தின் கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது. இவள் எந்தக் கம்பெனி ஆளோ. எவனிடம் கமிஷனோ.

"மன்னிக்கணும். இது என் உடம்பை விட்டு இறங்காது."

"குளிக்கும்போது?"

"அப்ப மட்டும். நனைஞ்சிடுமே."

"சரி, போய்க் குளிச்சிட்டு வாங்க. வேர்த்து ஊத்துது."

பென்டிரைவை வேட்டியில் சுருட்டிக் குளியலறைக் கதவின்மேல் போட்டுவிட்டுக் குளித்தார். தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அது கையில்தான் இருந்தது. புரட்டிப் பார்த்தார். கீறல் இல்லை. கயிற்றில் முடியப் போனார்.

குரு அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே பள்ளத்தாக்கில் எறிந்தாள்.

பொன்னுரங்கம் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"போச்சு. என் கூழைக்கடா, என் நத்தைகுத்தி நாரை. எல்லாம் போச்சு."

குரு கணினியை அவர் பக்கம் திருப்பினாள். மூன்று மென்பொருளிலும் அவருடைய ஏரி. மூன்றிலும் நாரை ஒற்றைக் காலில் நின்றது.

எழுந்து திரைக்குக் கிட்டே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எப்ப எடுத்தீங்க?"

"நீங்க முதுகு தேச்சுக்கிட்டிருந்தப்ப."

"அதுக்குப் பேர் திருட்டு."

"திருட்டுதான்." ஒரு புதுப் பென்டிரைவை அவர் மடியில் போட்டாள். "இப்ப நீங்க திருடுங்க. உங்க ஏரியை இந்த மூணுலேருந்தும் வெளியே எடுங்க பார்ப்போம்."

முதலாவது பல்லைக் காட்டியது. எழுத்தை மட்டும் தந்தது. படங்களையும் எடுத்துப்போக வேண்டுமானால் இன்னொரு பிளகின் போடச் சொன்னது.

இரண்டாவது எல்லாவற்றையும் தந்தது, அவர் கட்டளையைப் பிழையில்லாமல் அடிக்கும்வரை முறைத்துவிட்டு.

மூன்றாவது ஒன்றும் பேசவில்லை. எழுத்து, படம், தேதி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்தது.

பொன்னுரங்கம் மூட்டையை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். குறையில்லை. மூன்றாவதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, அந்த மூட்டை ஏறியிருந்த புதுப் பென்டிரைவையும் அதே மாதிரி பார்த்தார்.

"குருவே, இன்னொரு பென்டிரைவ் இருக்கா?"